எடை குறைந்த பிறகு



சில ஆண்டுகளுக்குப் பின் எங்களைச் சந்திக்கும் உறவினர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "எப்படிக் குறைத்தீர்கள்?" கணவன், மனைவியாகிய எங்கள் இருவரின் உடல் எடையும் இரண்டாண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் படிப்படியாகக் குறைந்தது. அதன்பின் மூன்றாண்டுகளாக, அல்லாஹ்வின் அருளால், பெரிதும் ஏறாமல் நிற்கிறது. குறைத்த எடையை எப்படிக் காத்தீர்கள் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. எங்களுக்குக் கடினமாக இருந்ததும், இன்றும் இருப்பதும் அந்த இரண்டாவது வேலைதான். ஆகவே அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

எங்கள் இல்லம் காயல்பட்டினத்தில் உள்ளது. எங்கள் ஊர் வழக்கப்படி திருமணத்திற்குப் பின் மாப்பிள்ளை பெண்வீட்டில்தான் தங்குவார். ஆகவே எங்களில் ஒருவருக்கு உம்மாவாகவும் மற்றவருக்கு மாமியாகவும் இருக்கும் பெரியவரின் கைச்சமையலிலேயே இருபத்திரண்டு ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறோம். உம்மாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். ஆறாண்டுகளுக்கு முன் செருப்புக் கடித்ததால் உண்டான சிறு புண் ஆறாமல் போய், வலக்காலில் இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. அன்று முதல் அவர் நாற்காலியில் அமர்ந்தே தொழுகிறார். மார்க்கம் அதற்கு இடமளித்திருக்கிறது என்பதை அவர் நன்கு அறிவார். ஆயினும் நெற்றி தரையில் படாத ஏக்கத்தை அவர் முகத்தில் நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம்.

அந்த ஆண்டின் இறுதியில் எங்கள் இருவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்தபோது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு கணவருக்கு 6.2 என்றும், மனைவிக்கு 6.0 என்றும் வந்தது. 5.7 முதல் 6.4 வரை உள்ள அளவு சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. எடை முறையே 92 கிலோ, 78 கிலோ. இந்தியர்களின் உடல்வாகுக்கு, உயரத்தையும் எடையையும் இணைத்துக் கணக்கிடும் உடல் நிறைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை. 25-ஐத் தாண்டினால் உடற்பருமன். எங்கள் இருவருக்கும் அது 32-க்கு மேல் இருந்தது. போதாக்குறைக்கு மனைவியின் முழங்கால்கள் ஸுஜூதிலிருந்து எழும்போது வலிக்கத் தொடங்கியிருந்தன. வீட்டில் இரண்டாவது நாற்காலி ஒன்று தொழுகைக்கென்று தேவைப்படும் நாள் தொலைவில் இல்லை என்பது எங்களுக்குப் புரிந்தது.

மருத்துவர் பெரிய இலக்கு எதையும் வைக்கவில்லை. நூறில் ஏழு பங்கு எடை குறைந்தால் முதற்கட்டத்துக்குப் போதும் என்றார். 92 கிலோவில் அது ஆறரைக் கிலோவுக்கும் குறைவு. இதற்கு வலுவான சான்று உண்டு என்பதைப் பின்னர் படித்தறிந்தோம். அமெரிக்காவில் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2002-இல் வெளியாயிற்று. ஏழு விழுக்காடு எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிட உடலுழைப்பையும் இலக்காகக் கொண்டவர்களிடம், அவ்வாறு செய்யாதவர்களைவிடச் சர்க்கரை நோய் 58 விழுக்காடு குறைவாகத் தோன்றியது. சென்னையில் 531 பேரிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான இந்திய ஆய்வில், உணவு மாற்றமும் நடைப்பயிற்சியும் நோய் வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன. அவர்களுடைய எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லாதபோதே இந்தப் பயன் கிடைத்தது என்பதை எங்கள் மனத்தில் குறித்துக்கொண்டோம். எடை இயந்திரம் அசையாத வாரங்களில் அதுவே எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

நாங்கள் செய்தவை எளியவை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அது பழக்கமான பின்பே அடுத்தது என்று முடிவு செய்தோம்.

முதலில் தேநீர். நாளைக்கு நான்கு முறை, முறைக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை என்பது எங்கள் வழக்கம். எட்டுக் கரண்டி என்பது ஏறத்தாழ 40 கிராம், 160 கலோரி. மூன்று மாதங்களில் இரண்டு கரண்டி ஒன்றாகி, ஒன்று அரையாயிற்று. நாக்கு எதிர்ப்புத் தெரிவித்தது முதல் இரண்டு வாரங்கள் மட்டுமே. இன்று பிறர் வீட்டுத் தேநீர் எங்களுக்குப் பாகுபோல் இனிக்கிறது.

அடுத்து எண்ணெய். நான்கு பேர் உண்ணும் எங்கள் வீட்டில் மாதம் நான்கு லிட்டர் செலவாகியது. ஒரு லிட்டர் எண்ணெயில் 8,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஆறு மாதங்களில் அதை இரண்டரை லிட்டராகக் குறைத்தோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ நூறு கலோரி இதனால் மட்டுமே குறைந்தது. பொரித்த மீன் வாரத்தில் ஒரு நாள் ஆயிற்று; மற்ற நாட்களில் மீன் ஆணத்துக்குள் சென்றது.

பிறகு தட்டு. சோறு ஒரு கிண்ணம் என்று அளந்து, தட்டின் பாதியைக் காய்கறிக்கு ஒதுக்கினோம். வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததைச் சிறுவயது முதல் நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். கேட்டதைத் தட்டில் கொண்டுவர ஒரு கிண்ணம் உதவியது.

இறுதியாக நடை. கணவர் ஃபஜ்ர் தொழுகை முடிந்து வீடு திரும்பும் வழியை நீட்டிக்கொண்டார். முதல் மாதம் பதினைந்து நிமிடம், ஆறாம் மாதத்தில் நாற்பத்தைந்து. மனைவி அஸ்ருக்குப் பின் அண்டை வீட்டுப் பெண்களுடன் கடற்கரைப் பக்கம் நடந்தார். முழங்கால் வலியால் முதலில் பத்து நிமிடமே முடிந்தது.

முதல் ஆண்டில் கணவருக்கு ஆறு கிலோ, மனைவிக்கு ஐந்து கிலோ குறைந்தது. இருபத்திரண்டாம் மாதத்தில் 81 கிலோவும் 70 கிலோவுமாக நின்றோம். இடையில் மூன்று மாதங்கள் எடை துளியும் அசையவில்லை. இதில் மர்மம் ஒன்றுமில்லை. சிறுத்த உடலுக்குச் செலவும் சிறுக்கிறது. முன்பு எடையைக் குறைத்த அதே உணவு, இப்போது எடையை அப்படியே நிறுத்திவைக்கிறது. அட்டவணைப்படி இன்றும் நாங்கள் பருமனானவர்களே. ஆனால் ஹெச்பிஏ1சி இருவருக்கும் 5.6-க்கு இறங்கியது. மனைவி தரையில் ஸுஜூது செய்து, கையூன்றாமல் எழுகிறார். அல்ஹம்துலில்லாஹ்.

இனி இரண்டாவது வேலைக்கு வருவோம்.

எடை குறைந்த உடல் தன்னுடைய பழைய எடையை எளிதில் மறப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஐம்பது பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2011-இல் வெளியாயிற்று. பத்து வாரம் மிகக் குறைந்த உணவால் எடை குறைத்தவர்களின் இரத்தத்தில், பசியைத் தூண்டும் கிரெலின் சுரப்பு கூடியும், நிறைவை உணர்த்தும் லெப்டின் குறைந்தும் இருந்தன. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த நிலை முழுமையாக மாறவில்லை. எடை மீண்டும் ஏறியவரைப் பார்த்து 'மனக்கட்டுப்பாடு இல்லாதவர்' என்று சொல்வோர் இதை அறிந்துகொள்வது நல்லது. உடல் பஞ்சத்துக்கு அஞ்சுகிறது. இழந்ததைத் திரும்பக் கேட்கிறது.

மெதுவாகக் குறைத்தால் எடை திரும்பாது என்று பலர் கூறுகிறார்கள். நாங்களும் மெதுவாகக் குறைத்தவர்கள் என்பதால் அது எங்களுக்குப் பிடித்தமான கூற்றுதான். ஆனால் அது முழு உண்மையன்று. அதே மெல்போர்னில் இருநூறு பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைப் பன்னிரண்டு வாரத்திலும் மற்றொன்றை முப்பத்தாறு வாரத்திலும் எடை குறைக்கச் செய்தனர். 2014-இல் வெளியான முடிவின்படி, ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்குப் பின் இரு பிரிவினரும் குறைத்த எடையில் சுமார் 71 விழுக்காட்டைத் திரும்பப் பெற்றிருந்தனர். ஆகவே வேகம் மட்டும் விதியைத் தீர்மானிக்கவில்லை. குறைத்து முடித்தோம் என்று பழைய வாழ்க்கைக்குத் திரும்பும் நாள்தான் தீர்மானிக்கிறது.

அப்படியானால் மெதுவாகக் குறைப்பதன் பயன் என்ன? எங்கள் அறிவுக்கு எட்டியவரை, அது ஒத்திகை. இருபத்திரண்டு மாதம் அரைக் கரண்டிச் சர்க்கரையுடன் தேநீர் பருகியவருக்கு, இருபத்து மூன்றாம் மாதமும் அதையே பருகுவது பெரிய காரியமில்லை. திரும்பிச் செல்வதற்கென்று ஒரு பழைய வாழ்க்கை அவருக்கு மிச்சமிருப்பதில்லை. குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியை வணக்கங்களுக்கே நாம் பொருத்திப் பார்ப்பது வழக்கம். உடலுக்கு நம்மீது உரிமை உண்டு என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருப்பதால், அந்த உரிமையைச் செலுத்துவதிலும் இதே ஒழுங்கு பொருந்தும் என்று நாங்கள் நம்புகிறோம்.

ஆனால் பழக்கம் வீட்டுக்குள் மட்டும் இருப்பதில்லை. எங்களைப் பொறுத்தவரை மிகப் பெரிய சோதனை விருந்துதான். திருமண வீட்டில் களறிச் சாப்பாடு என்றால் நெய்ச்சோறும் கறியும் சஹனில் வந்து இறங்கும். அதை வேண்டாம் என்பது அழைத்தவரின் மனத்தை நோகச் செய்யும். விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது ஈமானோடு தொடர்புடைய பண்பு; கண்ணியப்படுத்தப்படும்போது முகம் சுளிக்காமல் ஏற்பதும் அதே பண்பின் மறுபக்கம். எனவே எந்த வலீமாவையும் நாங்கள் தவிர்க்கவில்லை. சஹனில் உண்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. இருவரோ மூவரோ ஒரே தட்டில் கைவைக்கும்போது, யார் எவ்வளவு உண்டார் என்று எவரும் அளப்பதில்லை. மெல்ல உண்டு, பேச்சில் கலந்து, நல்ல கறித்துண்டை எதிரில் இருப்பவரின் பக்கம் தள்ளிவைத்தால் விருந்தும் நிறைவேறும், அளவும் நிற்கும். ஒருவரின் உணவு இருவருக்குப் போதும் என்ற நபிமொழியை நடைமுறையில் கண்ட இடம் அதுவே.

வீட்டு விருந்து வேறு வகை. உம்மாவின் அன்பு முழுவதும் அகப்பையில் இருக்கிறது. மாப்பிள்ளை இரண்டாம் முறை சோறு வாங்காவிட்டால், "என்ன மாப்பிள்ளை, ஆணம் சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு, அடுப்படிக்குச் சென்று அமைதியாக அமர்ந்துவிடுவார். சர்க்கரையால் இரண்டு விரல்களை இழந்தவரிடம் சர்க்கரையைப் பற்றி நாங்கள் பாடம் நடத்த முடியாது, நடத்தவும் இல்லை. உணவைக் குறைத்தபோது நாங்கள் எதை மறுத்தோமோ, அது வெறும் சோறாக அவருக்குத் தோன்றவில்லை.

இதற்கு வழி எதிர்பாராத இடத்திலிருந்து பிறந்தது. ஆணம் சமைத்தால் அதில் நீரைக் கூட்டி, அண்டை வீட்டாருக்கும் கொடுக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரையைப் பற்றி ஒரு நாள் உம்மாவே பேசிக்கொண்டிருந்தார். மறுவாரம் முதல், சமைத்ததில் ஒரு பங்கைச் சட்டியிலிருந்து முதலிலேயே எடுத்து, தனியாக வாழும் பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு அனுப்பும் வழக்கத்தைத் தொடங்கினோம். ஆணத்தில் நீர் கூடியது. தேங்காயும் எண்ணெயும் குறைந்தன. உம்மாவின் அகப்பைக்கு வேறொரு தட்டு கிடைத்தது. மாப்பிள்ளையின் தட்டை அவர் இன்றும் கவனிக்கிறார். ஆயினும் அடுப்படியில் போய் அமர்வதில்லை.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். நம் சமூகத்தில் பருமன் செழிப்பின் அடையாளம். மெலிவு நோயின் அடையாளம். எடை குறைந்ததும் "இளைத்துவிட்டீர்களே, சுகரா?" என்று கேட்காதவர் இல்லை. அக்கறையோடு கேட்பவருக்கு எரிச்சலோடு பதில் சொல்லக் கூடாது. "சுகர் வராமல் இருக்கத்தான், துஆ செய்யுங்கள்" என்று சொல்லப் பழகிக்கொண்டோம். கேட்டவர்களில் இருவர் பின்னர் தாங்களும் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்னார்கள்.

ரமளானைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ரமளானில் சராசரியாக ஓரிரு கிலோ குறைவதாகவும், அடுத்த சில வாரங்களில் அதில் பெரும்பகுதி திரும்பிவிடுவதாகவும் கூறுகிறார்கள். எங்கள் குறிப்பேடும் இதையே காட்டுகிறது. நோன்பு அல்லாஹ்வுக்காக நோற்கப்படுவது. அதை எடைக் குறைப்புத் திட்டமாக ஆக்குவது எங்களுக்கு உவப்பில்லை. நோன்புக் கஞ்சியையும் பேரீச்சம்பழத்தையும் வைத்துக்கொண்டு, பொரித்தவற்றை வாரத்தில் இரு நாளுக்கு மட்டும் என்று நிறுத்தினோம். தராவீஹுக்கு வயிறு கனமில்லாமல் நிற்க முடிவதே அதன் முதற்பயன். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை உண்போர், ரமளானிலும் ஸுன்னத்தான நோன்புகளிலும் மருத்துவரின் ஆலோசனையைப் பெற்றுக்கொள்வது கடமை.

காப்பதற்கென்று நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்கு மிகச் சிறியது. வெள்ளிக்கிழமை காலை, ஜுமுஆவுக்குக் குளிக்கும் முன், எடையைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறோம். இரண்டு கிலோவுக்குள் ஏறி இறங்குவதைப் பொருட்படுத்துவதில்லை. உப்பும் நீரும் ஒரு விருந்துமே அந்த அளவுக்கு அசைக்கும். இரண்டைத் தாண்டினால் அன்றே பழைய குறிப்பேட்டைத் திறந்து, தேநீர், எண்ணெய், தட்டு, நடை என்ற அதே வரிசையில் எது தளர்ந்தது என்று பார்க்கிறோம். அமெரிக்காவில் 1994-இல், பதின்மூன்றரைக் கிலோவுக்கு மேல் குறைத்து ஓராண்டாவது காத்தவர்களின் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் இருப்போரில் பெரும்பாலானோர் வாரம் ஒருமுறையேனும் எடை பார்ப்பதும், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம் உடலை இயக்குவதும் பொதுவான பழக்கங்களாகக் காணப்படுகின்றன.

சென்ற ஆண்டு உறவில் இரண்டு திருமணங்கள் அடுத்தடுத்து நடந்தன. அதே நேரத்தில் கணவருக்குக் கணுக்கால் பிசகி நடை நின்றது. இரண்டு மாதத்தில் மூன்று கிலோ ஏறியது. அதை இறக்க ஐந்து மாதம் பிடித்தது. இனியும் இப்படி நிகழும். நோயும் விருந்தும் துக்கமும் வராத ஆண்டு எந்த வீட்டிலும் இல்லை. ஏறிய எடை கண்டுபிடிக்கப்படாமல் எத்தனை மாதம் கிடக்கிறது என்பதில்தான் எங்கள் கவனம் இருக்கிறது.

இதைப் படிக்கும் சிலருக்கு தைராய்டு, மாதவிடாய்க் கோளாறு, உண்ணும் மருந்து போன்ற காரணங்களால் எடை குறையாமல் இருக்கலாம். அவர்கள் தங்களை நொந்துகொள்ள வேண்டாம், மருத்துவரை நாடுங்கள். மற்றவர்கள் எவருடைய உடலையும் பரிகசிக்க வேண்டாம். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, அந்தக் கால்கள் மீஸானில் உஹத் மலையைவிடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். எங்கள் படுக்கையறை மூலையில் இருக்கும் இயந்திரம் காட்டும் எண்ணைக் கண்டு மகிழும்போதும் வருந்தும்போதும் அந்த மற்றொரு தராசை நினைத்துக்கொள்கிறோம்.

ஹஜ்ஜுக்காகச் சேமித்து வருகிறோம். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நடந்தால் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆகிறது. மினாவிலும் அரஃபாவிலும் நடப்பது அதற்கு மேல். அந்த நாள் வரும்போது கால்கள் ஒத்துழைக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் துஆ. உம்மாவுக்காகவும், எங்களுக்காகவும், உடல் என்னும் அமானிதத்தைப் பேண முயலும் அனைவருக்காகவும் நீங்களும் துஆ செய்யுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தையும், சிறியதைத் தொடர்ந்து செய்யும் உறுதியையும் தந்தருள்வானாக. ஆமீன்.